பாலாற்று முகம் – 11: யவனச் சரக்கு

கல்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போனால் வாயலூர். அதை ஒட்டி, பாலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசவசமுத்திரம். போன வாரம் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையோடு நிறுத்தினோம். இந்த வாரம் அதற்கும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

1970-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இந்த ஊரில் அகழ்வு நடத்தியது. உறைகிணறும் செங்கல் கட்டுமானமும் வெளிப்பட்டன. கூடவே அடி கூம்பிய ஜாடிகளின் உடைசல்கள். இரா.நாகசாமியும் அப்துல் மஜீதும் எழுதிய அறிக்கை 1978-இல் வெளியானது. தரையில் நிற்காத ஜாடியை எதற்குச் செய்தார்கள் என்று கேட்கத் தோன்றும். கப்பலின் அடித்தட்டில் ஒரு வரிசையின் தோளிடுக்கில் அடுத்த வரிசையின் கூரடியைச் சொருகி அடுக்கிவிட்டால், எவ்வளவு அலை அடித்தாலும் ஜாடி உருளாது. ஆம்போரா என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய இருபத்தைந்து லிட்டர் பிடிக்கும். ஒயின் ஊற்றும் ஜாடி என்றால் கசியாமல் இருக்க உள்ளே மரப்பிசினைக் காய்ச்சிப் பூசிவிடுவார்கள். ஆகவே குடிப்பவனுக்குத் திராட்சை வாசனையோடு கீல் வாசனையும் இலவசம்.

வசவசமுத்திரத்தில் கிடைத்தவை கொஞ்சம்தான். இந்தக் கடற்கரையில் என்ன ஒயின் இறங்கியது என்று தெரிந்துகொள்ள, தெற்கே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டுக்குத்தான் போக வேண்டும். 1945-இல் மார்ட்டிமர் வீலர், பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் என்று பலர் தோண்டிய மேடு அது. அங்கே கிடைத்த ஜாடித் துண்டுகளை எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்க அறிஞர் ஒவ்வொன்றாகப் பார்த்து இனம் பிரித்தார். இரட்டைத் தண்டை ஒட்டவைத்தது போன்ற கைப்பிடி உடையவை அதில் கணிசம். கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடிக்குரிய அடையாளம் அது. அதே வடிவத்தை இத்தாலியில் காப்பியடித்தும் சுட்டார்கள். மண்ணில் கறுப்பு மணல் மின்னினால் வெசூவியஸ் எரிமலைப் பக்கத்துச் சூளை என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்த எரிமலையடித் தோட்டம் ஒன்று இன்றும் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. பாம்பேய்க்கு அருகே போஸ்கொரியாலே என்ற ஊரில் வில்லா ரெஜினா. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்து, 1970-களின் கடைசியில் வெளியே வந்தது. பெரிய பண்ணை இல்லை, நடுத்தரக் குடியானவன் வீடு. திராட்சையை மிதிக்கிற அறை, பிழிகிற மரம், சாறு வழிந்தோடும் வாய்க்கால். முற்றத்தில் கழுத்து வரை மண்ணில் புதைத்த பதினெட்டு மிடாக்கள். மொத்தம் சுமார் பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் என்கிறார்கள். வெயில் நேராக விழாமல், மண்ணின் குளிர்ச்சியில் சாறு தானே பொங்கி அடங்கும். இந்த வீட்டுச் சரக்கே நம் கரைக்கு வந்தது என்று சொல்ல வரவில்லை. இந்த வட்டாரத்து மண்ணில் சுட்ட ஜாடி வந்தது, அவ்வளவுதான்.

கோஸ் ஒயினுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: கடல் தண்ணீர் கலந்தது. ரோமானிய எழுத்தாளர் பிளினி இதற்கு ஒரு கதை சொல்கிறார். ஓர் அடிமை ஒயினைத் திருடிக் குடித்துவிட்டு, அளவு குறையாதிருக்கக் கடல்நீரை ஊற்றி வைத்தானாம். அதுவே ருசித்துப்போய் வழக்கமாகிவிட்டதாம். பாலில் தண்ணீர் ஊற்றிய வீட்டில் அதையே தனிப் பாலாக விற்ற கதை. கேட்டோ எழுதிய வேளாண் நூலில் இதற்குப் பக்குவமே இருக்கிறது: ஆற்று நீர் சேராத நடுக்கடலில், காற்றில்லாத நாளில் நீரை மொண்டு, அறுவடைக்கு எழுபது நாள் முன்பே எடுத்து வைக்க வேண்டும். உப்பு சேர்ந்த ஒயின் நெடும்பயணத்தைத் தாங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

பயணமும் லேசானதில்லை. அலெக்சாண்டிரியா, அங்கிருந்து நைல் வழியே காப்டோஸ், பிறகு பாலைவனத்தில் ஒட்டகத்தின் மேல் பன்னிரண்டு நாள் போனால் பெரனிகே துறைமுகம். அதன்பின் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கரையின் முசிறி. முசிறியில் ஒயின் இறங்கும், ஆனால் அதிகமில்லை என்கிறது பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல். கிழக்குக் கரைத் துறைகளில் ஒன்றாக அது சொல்கிற பொதுகே அரிக்கமேடுதான் என்பது பெரும்பாலோர் கருத்து.

இங்கே வந்ததும் அதன் மதிப்பு ஏறிவிடுகிறது. புறநானூற்று 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தரப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழட்டும் என்று வாழ்த்துகிறார். ஜாடித் துண்டுகளோ வேறு சொல்கின்றன. ரோமாபுரியில் பேர்போன ஃபலெர்னியன் எங்கே, இந்த உப்பு கலந்த கோஸ் சரக்கு எங்கே! அங்கே சாதாரணப் பந்தியில் ஊற்றியது, இங்கே அரசனுக்குப் பொற்கலத்தில் வந்தது. நக்கீரர் மிகைப்படுத்தியதாக எனக்குப் படவில்லை. பாதி உலகம் தாண்டி வந்த எதுவும் இறங்குகிற துறையில் உயர்ந்த சரக்குதான். இன்றைக்கு மாமல்லபுரத்துக் கடற்கரை ஓட்டல்களில், பிரான்சில் வருஷா வருஷம் நவம்பர் மூன்றாம் வியாழனன்று புதிதாகத் திறந்து சாதாரணமாகக் குடிக்கிற லேசான சிவப்பு போஜொலே வகையறாவுக்குப் போடும் விலையைப் பார்த்தாலே புரியும். அதையும் வெதுவெதுப்பாகவே கொண்டுவந்து வைப்பார்கள். ‘அறைச் சூடு’ என்பது ஐரோப்பிய அறையின் பதினேழு பதினெட்டு டிகிரி. நம் ஊர் மே மாதம் இல்லை. பழவாசனை தூக்கலான லேசான சிவப்பைக் கொஞ்சம் குளிரவைத்தே கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்திய அருங்காட்சியகங்களில் ரோமானிய ஆம்போரா என்று எழுதி வைத்திருந்த பல துண்டுகளை ராபர்ட்டா டோம்பர் மறுபடி ஆராய்ந்து, அவை மெசபொடேமியாவில் செய்த, கைப்பிடி இல்லாத டார்பிடோ ஜாடிகள் என்று காட்டினார். ஆகவே கூம்படி கண்ட இடமெல்லாம் ரோம் என்று முடிவுகட்டக் கூடாது. வசவசமுத்திரத்து உடைசல்களையும் அந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

எதிர்த் திசையில் போன சாட்சியில் இந்தச் சந்தேகம் குறைவு. பெரனிகேயில் ஒரு கோயில் தரையில் புதைந்திருந்த இந்தியத் தாழியில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அதே ஊரில் 1995-இல் ஒரு ரோமானிய ஜாடித் துண்டு அகப்பட்டது. அதன் மேல் தமிழ் பிராமியில் கீறிய பெயரை ஐராவதம் மகாதேவன் ‘கொற்ற பூமான்’ என்ற தமிழ்ப் பெயராக அடையாளம் கண்டார்.