குறிப்பறிதலும் ஒரு மஞ்சள் விளக்கும்

திருவள்ளுவனார் குறிப்பறிதல் என்னும் பெயரை இரண்டு அதிகாரங்களுக்கு இட்டிருக்கின்றார். பொருட்பாலில் உள்ள 71ஆம் அதிகாரம் ஒன்று; காமத்துப்பாலில் உள்ள 110ஆம் அதிகாரம் மற்றொன்று. முன்னையது அவையில் இருப்பார்க்கும், பின்னையது காதலர்க்கும் உரியது. வாய் திறந்து சொல்லாததை முகமும் கண்ணும் சொல்லிவிடும் என்பது இரண்டிற்கும் பொதுவான கருத்து. இக்காலத்தில் நாம் குறிப்பறிய வேண்டியவை மனிதர் முகங்கள் மாத்திரம் அல்ல. பொறிகளுக்கும் முகம் உண்டு. மோட்டார் வண்டியில் சாரதிக்கு எதிரே, வேகமானியும் பிறவும் பதிக்கப்பட்டிருக்கும் பலகையே அதன் முகம். அம்முகத்தில் தோன்றும் ஒரு சிறு மஞ்சள் விளக்கைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பண்டிதனுக்கும் மோட்டார் வண்டிக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். அத்தொடர்பு சாம்பல்தீவில், ஓர் அந்திப்பொழுதில், என் வீட்டுப் படலையடியில் ஏற்பட்டது.

முன்னாளில் என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் கொழும்பில் தொழில் பார்க்கின்றார். அவர் தாயார் எங்கள் அயலிலே வசிப்பவர். மறுநாட்காலை ஒன்பது மணிக்குத் தாயாரைக் கொழும்பில் இருதயக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லவேண்டியிருந்தமையால், மாணவர் தம் வண்டியிலேயே வந்திருந்தார். அது சாதாரண வண்டியன்று. டர்போ பூட்டிய ஜப்பானிய வண்டி. எஞ்சினுக்குச் செல்லும் காற்றை அழுத்தி ஊட்டி, சிறிய எஞ்சினிலிருந்து பெரிய வலுவைப் பெறும் வகையைச் சேர்ந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் 2025ஆம் ஆண்டு தொடக்கம் வரை இந்நாட்டிற்குத் தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய வண்டிகளின் விலை ஏறியதை யாவரும் அறிவர். அக்காலத்தில் ஒருவர் கைமாற்றியதை இவர் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியிருந்தார்.

வண்டியை யான் பார்க்கவேண்டும் என்ற ஆசையால் என்னை முன்னிருக்கையில் இருத்தி எஞ்சினை முடுக்கினார். எல்லா விளக்குகளும் ஒருமுறை ஒளிர்ந்து அணைந்தன. எஞ்சின் வடிவில் அமைந்த ஒரு மஞ்சள் விளக்கு மாத்திரம் அணையவில்லை.

"தம்பி, இது என்ன சொல்லுகிறது?" என்றேன்.

"ஒன்றுமில்லை ஐயா. இரண்டு கிழமையாக இப்படித்தான். கொழும்பில் ஓரிடத்தில் கொடுத்து இரண்டு தரம் அழிப்பித்தேன், திரும்பவும் வந்துவிட்டது."

"எப்பொழுதும் இப்படியே எரிகிறதா?"

சற்றுத் தயங்கினார். "இன்றைக்கு ஹபரணை கழிய ஒரு லொறியை முந்தும்போது மினுங்கினது. எஞ்சினும் ஒரு குலுக்குக் குலுக்கினது. பிறகு சரி. இரவு பத்து மணிக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் விடியமுன் போய்விடலாம்."

யான் அறிந்தது சிறிது. எனினும் 'அழிப்பித்தேன்' என்ற சொல் என் செவியில் உறுத்தியது. விளக்கின் வரலாற்றையும் இயல்பையும் அதன் பின்னர் நூல்கள் வாயிலாகவும் தொழில் வல்லார் வாயிலாகவும் அறிந்துகொண்டேன். அதனை முதலில் கூறுவது பொருந்தும்.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைமூட்டம் பல்லாண்டு வருத்தியது. வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன என்பதை ஆகன்-சிமிட் என்னும் இரசாயன அறிஞர் 1950களில் எடுத்துக் காட்டினார். அதன் வழிவந்த சட்டங்களுள் ஒன்று, வண்டி தன் குறையைத் தானே கண்டறிந்து சாரதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. கலிபோர்னியாவில் 1988ஆம் ஆண்டு வண்டிகள் முதலாக இது வந்தது. 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் ஒரே முறையாக விரிந்தது. ஐரோப்பாவிற் பெற்றோல் கார்களுக்கு 2001இல் நடைமுறையாயிற்று. எனவே இவ்விளக்கு காற்றின் தூய்மை கருதிப் பிறந்ததாகும். வண்டியின் நன்மை அதனோடு உடன்வந்தது.

இனி அதன் மொழி. மஞ்சள் விளக்கு அசையாது எரியுமாயின், குறை ஒன்று உண்டு, தாமதியாது காட்டுக என்பது பொருள். அக்குறை சில வேளை பெற்றோல் தாங்கியின் மூடி இறுகாமையாகவும் இருக்கலாம். வண்டி வழமைபோல் ஓடுமாயின் நடுங்க வேண்டியதில்லை. அதே விளக்கு விட்டுவிட்டு மினுங்குமாயின் பொருள் வேறு. ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியத் தவறுகின்றது. அத்தவறு கேடு விளைக்கும் அளவுக்கு மிகுந்துவிட்டது என்பதாம். தொழிலாளர் இதனை மிஸ்பயர் என்பர். எஞ்சினின் சுழல்தண்டு ஒவ்வொரு வெடிப்பிலும் நுண்ணிய விரைவு பெறுகின்றது. ஒரு வெடிப்புத் தவறினால் அவ்விரைவு குன்றும். அக்குன்றலை எண்ணியே வண்டியின் கணினி தவறான சிலிண்டரை அறிகின்றது.

எரியாத பெற்றோல் எங்கே போகும்? புகைக்குழாய் வழியே சென்று ஊக்கி மாற்றி என்னும் பகுதியை அடையும். நச்சுப் புகையை மாற்றுவதற்காகப் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்களைப் பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் அங்கே உண்டு. எஞ்சினில் எரிய வேண்டிய பெற்றோல் அங்கே எரியத் தொடங்கினால், அப்பீங்கான் உருகும், அடைபடும், அதன் வெப்பம் வண்டியின் அடிப்புறத்துக்கே ஆபத்தாகவும் முடியும். புறத்தே புகையும் இல்லை, சுடரும் இல்லை; அகத்தே நெருப்பு. நீறுபூத்த நெருப்பு என்று நம்மவர் சொல்லும் தொடருக்கு இதனினும் ஏற்ற உதாரணம் யான் கண்டதில்லை.

செந்நிற விளக்குகளின் கட்டளையோ இன்னும் கடுமையானது. எண்ணெய் அழுத்தத்தைக் குறிக்கும் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்தல் வேண்டும். 'அடுத்த ஊர் வரைக்கும்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

நிற்க. அன்று மாலை இவ்வளவும் எனக்குத் தெரியாது. உப்புவெளிப் பக்கத்தில் கராச் வைத்திருக்கும் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைச் சொன்னேன். "மினுங்கினதா? அப்படியென்றால் இரவில் கந்தளாய் தாண்டிப் போகவேண்டாம் என்று சொல்லுங்கள்" என்றார் அவர். ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவு வேளையில் யானைகள் வீதிக்கு வருவதை இப்பகுதியார் அறிவர். அவ்விடத்தில், நோயாளியான தாயோடு, எஞ்சின் வலுவிழந்து நிற்பதை எண்ணிப் பார்க்கவும் மனம் ஒப்பவில்லை.

மாணவர் ஏற்கவில்லை. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய வண்டி இருக்க, அம்மாவை பஸ்ஸில் ஏற்றுவதா?" என்றார். அவர் குரலில் அன்பும் இருந்தது. சிறிது மானமும் இருந்தது.

அப்போது, அதுவரை திண்ணையில் பேசாதிருந்த தாயார் வாய் திறந்தார். 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆந் திகதி கடல்கோளிலே தம் தமையனாரை இழந்தவர் அவர்.

"அன்றைக்குச் சொல்ல எங்களுக்கு ஒருவரும் இருக்கவில்லை, மகன். இது சொல்லுகிறதே! கேட்டால் என்ன?"

அதன்மேல் எவரும் வாதிக்கவில்லை. சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் நடுங்கியபோது இங்கே காலை ஏழு மணி ஆகவில்லை. அலை நம் கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் இந்துமாகடற் கரையோர மக்களை எச்சரிக்க ஓர் அமைப்பு அன்று இல்லை. பின்னரே அமைத்தார்கள். எச்சரிக்கை இல்லாமையின் விலை என்ன என்பதைச் சாம்பல்தீவுக் கரையில் வாழ்வார்க்கு நூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை.

தாயும் மகனும் இரவு பஸ்ஸிற் போயினர். வண்டி என் வீட்டு வேப்பமர நிழலில் நின்றது.

மறுநாள் கராச்சுக்காரர் வந்து, சாரதியின் காலடிக்கு மேலுள்ள துளையிற் சிறு கருவியொன்றைப் பூட்டினார். திரையில் 'பி 0302' என்று தோன்றியது. அதனை அவர் விளக்கியபோது, பகுபத உறுப்பிலக்கணம் கேட்டது போன்ற இன்பம் எனக்கு உண்டாயிற்று. 'பி' என்பது எஞ்சினும் கியரும் சேர்ந்த தொகுதி. அடுத்த பூச்சியம், எல்லா நிறுவனத்தார்க்கும் பொதுவான குறியீடு என்பதற்கு அடையாளம். மூன்று, தீப்பொறியும் மிஸ்பயரும் பற்றிய பிரிவு. இறுதியில் நிற்கும் பூச்சியம் இரண்டு, இரண்டாம் சிலிண்டர். அன்றியும் குறை தோன்றிய கணத்தில் எஞ்சினின் சுழற்சி எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்பவற்றையும் கணினி குறித்து வைத்திருந்தது.

"அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டதே" என்றேன்.

"இல்லை ஐயா. எங்கே நோகிறது என்று தெரிந்தது. ஏன் நோகிறது என்று இனித்தான் பார்க்கவேண்டும். பிளக்காகவும் இருக்கலாம், கொயிலாகவும் இருக்கலாம், பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம்."

அவர் செய்த சோதனை எளியது. இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி நான்காவதில் வைத்தார். நான்காவதன் கொயிலை இரண்டாவதில் வைத்தார். பழைய குறியை அழித்துவிட்டு நிலாவெளி வீதியில் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குறி 'பி 0304' என்று மாறியிருந்தது. குறை கொயிலோடு இடம் பெயர்ந்தபடியால், குறை கொயிலிலேதான் என்பது துணிபாயிற்று. டர்போ வண்டியில் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுதி. அந்த அழுத்தத்தில் தீப்பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். ஆதலின் நலிந்த கொயில் மெல்ல ஓடும்போது தன் நலிவை மறைத்து, வேகம் கேட்கும்போது வெளிப்படுத்தும். லொறியை முந்தும்போது விளக்கு மினுங்கியதன் காரணம் இதுவே. அவர் கொயிலை மாற்றினார். தேய்ந்திருந்த பிளக்குகளையும் மாற்றினார். இத்தகைய எஞ்சினுக்கு உற்பத்தியாளர் விதித்த தரத்திலேயே, பெரும்பாலும் ஒக்டேன் 95 பெற்றோல், இடவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நோய் இன்னதென்று அறிந்து, அதன் முதலை ஆராய்ந்து, தணிக்கும் வழியைத் தேர்ந்து, பொருந்தச் செய்தல் வேண்டும் என்பது மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறை. அம்முறை அறிந்தோ அறியாமலோ அத்தொழிலாளி அதன்வழியே நின்றார். கொழும்பில் இரண்டு தரம் நடந்தது குறியை அழித்தல் மாத்திரம். அழித்தபோது குறையின் தடயமும் அதனுடன் அழிந்தது. காரணத்தை ஆராய்வதற்கு அழித்தல் வேறு. ஆராயாமல் இருப்பதற்கு அழித்தல் வேறு.

இதனை எழுதும்போது பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், என் வகுப்பில் மாணவன் ஒருவன் நாள்தோறும் முதற்பாடத்திலேயே உறங்குவான். யான் கடிந்தேன், பின்வரிசையில் எழுந்து நிற்கச் செய்தேன். அவன் உறங்குவதை விட்டான். வென்றுவிட்டேன் என்று எண்ணினேன். அடுத்த தவணையில் அவன் பள்ளிக்கே வரவில்லை. விசாரித்தபோதுதான், தந்தையார் நோயுற்றமையால் அவன் இரவெல்லாம் சிறிய தந்தையாருடன் கடலுக்குப் போய் வந்தவன் என்பது தெரிந்தது. அந்த உறக்கம் ஒரு விளக்கு. யான் அதனை அணைத்தேன். ஏன் எரிந்தது என்று கேட்கவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனைப் படிப்பில் நிறுத்த வழி பிறந்திருக்கும். ஆசிரிய அன்பர்கள் தத்தம் வகுப்பறைகளை ஒருமுறை நோக்குவார்களாக.

மூன்றாம் நாள் மாணவர் திரும்பி வந்தார். தாயாருக்கு மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பதாகவும், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை மருத்துவர் நல்லதென்றதாகவும் கூறினார். பின்பு வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். விளக்குகள் யாவும் ஒளிர்ந்தன, யாவும் அணைந்தன. மஞ்சள் விளக்கும் அணைந்தது.

"ஐயா, இனி இது எரியாது" என்றார் மகிழ்ச்சியோடு.

"எரியட்டும், தம்பி. எரிந்தால் கேள்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை மெல்லத் திருப்பி, தாயார் வீட்டுப் பக்கம் செலுத்தினார்.