மீற்றர் மாற்றிய காரும் மறைக்கப்பட்ட ஓட்டமும்

வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் ஓடுகின்ற மோட்டார் வாகனங்களுக்கு, மேட்டுநிலத்து ஊர்களில் ஓடுவனவற்றுக்கு அவ்வளவாக இல்லாத சத்துரு ஒன்று உண்டு. பண்ணைப் பாலத்தின் இருமருங்கிலும் கடலிலிருந்து ஓயாது வீசுகின்ற உப்புக் காற்றே அது. வாகனத்தின் அடித்தகட்டையும் கதவோரங்களையும் அரிக்கின்ற அந்த உப்பு, நாளடைவில் ஓட்டுபவரின் கண்முன்னே இருக்கும் மீற்றர் தட்டின் பின்புற இணைப்புகளிலும் பச்சைக் களிம்பாகப் படிந்து, வேகமுள் அசையாமலும், எரிபொருள் அளவு பொய்யாகவும், எண்கள் மங்கியும் போகும்படி செய்வதுண்டு. அவ்வாறு பழுதான மீற்றரைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது நியாயமான காரியமே. பூட்டியதை மறைத்து வாகனத்தை இன்னொருவர் தலையில் கட்டுவதைப் பற்றியே இங்கு எழுத நேர்ந்தது.

பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயைக் குடித்து ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைக் கண்ட தலைமுறைக்கு இந்த விஷயம் புதுமையாகத் தோன்றக்கூடும். அக்கார்களில் கியர்ப் பெட்டியிலிருந்து வரும் ஒரு கம்பி சிறிய பற்சக்கரங்களைச் சுழற்ற, எண்கள் உருண்டன. கம்பி அறுந்தால் கணக்கும் நின்றது. அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. இயந்திரத்தின் சத்தத்தையும் புகையின் நிறத்தையும் கொண்டே வாகனம் மதிக்கப்பட்டது. இக்காலத்து விட்ஸ், அக்சியோ, வகன் ஆர் முதலியவற்றில் சக்கரமும் இல்லை, கம்பியும் இல்லை. மீற்றர் தட்டினுள்ளே, நகக்கண் அளவான, பெரும்பாலும் எட்டுக் கால்களையுடைய ஒரு நினைவுச் சில்லில் வாகனம் ஓடிய தூரம் எழுதப்பட்டிருக்கிறது. அச்சில்லை மடிக்கணினியோடு இணைத்து, அதிலுள்ள எண்ணை அழித்து வேறு எண்ணை எழுதுவது, அத்தொழில் தெரிந்தவருக்குச் சொற்ப நேர வேலை.

கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளிலிருந்து வாங்கி வருகின்ற பழைய மீற்றர், அது முன்பிருந்த வாகனத்தின் தூரத்தையே காட்டும். ஒரு கார் 148,000 கிலோமீற்றர் ஓடியிருக்க, புதிதாகப் பூட்டிய தட்டு 62,000 என்று காட்டுமாயின், அதை 148,000 ஆகத் திருத்தி எழுதுவதே நேர்மையான தொழிலாளி செய்வது. 62,000 என்றே விட்டுவிடவும் கூடும்; இன்னும் குறைத்து 45,000 ஆக்குவதும் அதே கருவியால், அதே கையால் செய்யக்கூடியதே. சில ஐரோப்பிய வாகனங்களில், திருட்டைத் தடுக்கின்ற சாவிப் பூட்டின் இரகசியமும் மீற்றர் தட்டினுள்ளேயே இருப்பதால், முறையாகப் பொருத்தாவிட்டால் இயந்திரம் உயிர்பெற்ற மறுகணமே நின்றுவிடும். அத்தகைய வேலைக்கு வாகனத்தைக் கொடுப்பவர் தம்மிடமுள்ள எல்லாச் சாவிகளையும் கூடவே கொடுக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டதனால், இடைப்பட்ட காலத்தில் பாவித்த வாகனங்களின் விலை எவரும் எதிர்பாராத அளவுக்கு ஏறிற்று. கனடாவிலோ இலண்டனிலோ உழைக்கும் பிள்ளை, தாய்தகப்பனை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லவென்று அனுப்பிய பணத்தில், "ஒரு கை பாவித்தது, தீவுக்குள்ளேயே ஓடினது" என்ற தரகரின் வாக்கை நம்பிக் கார் வாங்குகின்ற குடும்பங்கள் எத்தனையோ. ஆயினும் பணநட்டத்தை விடப் பாரதூரமானது உயிராபத்து. ரைமிங் பெல்ட் உள்ள வாகனங்கள் பலவற்றில் அதனை ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும். பொய்க்கணக்கை நம்பி மாற்றாது விட்டால் அது நடுத்தெருவில் அறுந்து இயந்திரத்தையே நாசமாக்கலாம். மீற்றர் தட்டைத் திறந்த கை, காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கையும் அணைத்துவிட்டிருக்கலாம். ஆகையால் சாவியைத் திருப்பியதும், இயந்திரத்தை முடுக்குவதற்கு முன், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்து, பின் காற்றுப்பை விளக்குத் தானாக அணைகின்றதா என்று பார்த்துக்கொள்வது அவசியம். தொடக்கத்திலேயே அவ்விளக்கு எரியாதிருந்தால், வாங்குபவர் அவ்விடத்திலேயே நின்று காரணம் கேட்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம், மாற்றிய மீற்றரில் பழைய தூரத்தை எழுத இயலாவிட்டால் அதைச் சுழியமாக்கி, முன்பிருந்த தூரத்தையும் மாற்றிய திகதியையும் இடப்பக்கக் கதவுச் சட்டத்தில் எழுத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது. பெல்ஜியத்தில் 2006 முதல், வாகனம் கராஜுக்குப் போகும்போதெல்லாம் தூரம் பதியப்பட்டு, விற்பனையின்போது அப்பதிவு வாங்குபவர் கையில் கொடுக்கப்படுகிறது. இந்த ஒழுங்கை நாமே நமது கராஜ்களில் அனுசரிப்பதற்குத் தடை ஏதும் இல்லை. மீற்றர் மாற்றும் நாளில், பழைய தட்டின் எண், புதிய தட்டுக்கு எழுதிய எண், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், திகதி, காரணம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கும்படி உரிமையாளர் கேட்க வேண்டும். அச்சீட்டு பதிவுப் புத்தகத்தோடு என்றும் இருக்க வேண்டும். கழற்றிய தட்டையும் திரும்பப் பெற்றுக்கொள்வது உத்தமம்.

வாங்குபவருக்கும் சாட்சிகள் உண்டு. யப்பானிலிருந்து வந்த காராயின் ஏலத்தாளிலே அன்றைய தூரம் குறிக்கப்பட்டிருக்கும். சேவிஸ் பற்றுச்சீட்டுகளிலும், பழைய புகைப் பரிசோதனைத் தாள்களில் தூரம் காணப்பட்டால் அவற்றிலும், எண்கள் ஆண்டுக்காண்டு ஏறிச் செல்கின்றனவா என்று ஒப்பிடலாம். சில வாகனங்களில் இயந்திரக் கணினியும் பிரேக் கணினியும் தூரத்தைத் தனியே வைத்திருப்பதால், ஸ்கேன் செய்வதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. தேய்ந்து வழுவழுத்த பிரேக் மிதியின் இறப்பரும், மினுங்குகின்ற ஸ்டியரிங்கும், சொற்ப தூரமே ஓடியதென்ற கூற்றை நம்பவிடா. எல்லாவற்றுக்கும் மேலாக, விற்பனைக் கடிதத்தில் "இவ்வளவு கிலோமீற்றர் ஓடியது, மீற்றர் மாற்றப்படவில்லை" என்று எழுதுவிக்க வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்துக்கு ஒத்திருக்க வேண்டும். எழுத்திலுள்ள ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 ஆண்டும், எழுத்தில்லாததற்கு 3 ஆண்டுமே காலவரையறை.

விற்றவர் வியாபாரியாயின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். நட்டஈடு வழங்கவும், பொருளை மாற்றிக் கொடுக்கவும், பணத்தைத் திருப்பவும் கட்டளையிட அச்சபைக்கு அதிகாரம் உண்டு. தெரிந்தே ஏமாற்றிப் பணம் பெற்றிருப்பின், அது தண்டனைச் சட்டக்கோவையின் 398, 403ஆம் பிரிவுகள் கூறும் வஞ்சித்தலாகவும் அமையலாம் என்பதால் பொலிஸிலும் முறையிடலாம். தீவகத்தில் விற்றவரும் வாங்கியவரும் பெரும்பாலும் ஊரவர்களாகவோ உறவினர்களாகவோ இருப்பதனால், கோயில் திருவிழா முடியட்டும், வெளிநாட்டிலிருந்து தம்பி வரட்டும் என்று சமாதானப் பேச்சிலேயே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அதிகார சபைக்கான முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். பேச்சுவார்த்தை ஒருபுறம் நடக்கட்டும். முறைப்பாட்டை முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.