ஹார்டு டிஸ்க் சொல்லும் எட்டு பிட் சேதி

ஹார்டு டிஸ்க்கின் நிலைமை டிரைவர் புரோகிராமுக்கு எப்படித் தெரிகிறது? பழைய ஐ.டி.இ. டிஸ்க்கில் 1எஃப்7 போர்ட்டைப் படித்தால் எட்டு பிட் வரும். 7-ஆம் பிட் 'பிஸி'. அது 1 என்றால் மற்ற ஏழையும் நம்பவே கூடாது. கட்டளை எழுதிய பின் 400 நானோ செகண்டாவது பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் பழைய நிலைதான் கிடைக்கும். பிஸி இறங்கி 3-ஆம் பிட் ஏறினால்தான் 512 பைட் செக்டரைக் கொடுக்கல் வாங்கல் செய்யலாம். பிஸி இறங்கவே இல்லையா? கெடு வைத்துப் பார்த்து, ரீசெட் செய்வதுதான் வழி.

எழுதி முடித்ததும் ஹெக்ஸில் 50 வந்தால் சரி, 51 வந்தால் பிழை. ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம்! அதைப் பார்க்காத டிரைவர், பதியாத மார்க் லிஸ்ட்டைப் பதிந்ததாகச் சொல்லிவிடும். மூட்டை தூக்கும் எங்க அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மூட்டை எறங்குச்சான்னு மட்டும் பாத்தா போதுமா? கிழியாம எறங்குச்சான்னும் பாக்கணும்ல" என்றார். பாடப் புத்தகத்தைவிடத் தெளிவு!

இன்னொரு வேடிக்கை: 1எஃப்7-ஐப் படித்தாலே காத்திருக்கும் இன்டரப்ட் அழிந்துவிடும். சும்மா எட்டிப் பார்க்க 3எஃப்6 போர்ட்தான் ஏற்றது. பின்னால் வந்த சாட்டா ஏ.எச்.சி.ஐ. கன்ட்ரோலரிலும் 7, 3, 0 ஆகிய அந்த மூன்று பிட்டுகள் இடம் மாறவில்லை.