திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களும் செலாவணிச் சார்பு ஒப்பந்தங்களும்: 2007–2011 காலத்து இழப்பின் அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

2007ஆம் ஆண்டில் டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு உயர்ந்தபோது, திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் பலர் வங்கிகளுடன் டெரிவேட்டிவ் எனப்படும் சார்பு ஒப்பந்தங்களைச் செய்துகொண்டனர். 2008இல் அவை பெரும் இழப்பாக முடிந்தன. இவ்விழப்பைப் பேராசையின் விளைவு என்று ஒரு தரப்பும், வங்கிகளின் ஏமாற்று என்று மறுதரப்பும் விளக்கின. ஒப்பந்தங்களின் உள்ளமைப்பை ஆராயும்போது, காப்பீடு வாங்குவதாக எண்ணிய ஏற்றுமதியாளர் உண்மையில் காப்பீட்டை விற்பவராக நிறுத்தப்பட்டிருந்தார் என்பது தெளிவாகிறது. அதனை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடை, செலாவணி, ஏற்ற இறக்கம், விருப்புரிமை ஒப்பந்தம், ரிசர்வ் வங்கி

முன்னுரை

பின்னலாடை ஏற்றுமதியில் விலை பேசும் நாளும் பணம் வரும் நாளும் வேறு வேறானவை. அயல்நாட்டு வணிகர் ஒருவர் டி-சட்டைக்கு டாலரில் விலை பேசி ஆர்டர் தருகிறார். நூல் வாங்கி, நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், பேக்கிங் எனப் பல கைகளைக் கடந்து சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் சேர மூன்று நான்கு மாதங்கள் ஆகும். இந்தப் படிகள் பெரும்பாலும் தனித்தனிக் கூலிப் பட்டறைகளில் நடைபெறுவதால், அவற்றுக்கான பணத்தை ஏற்றுமதியாளர் உடனுக்குடன் ரூபாயில் தரவேண்டும். வரவோ டாலரில், அதுவும் பின்னால் வருவது. இடைப்பட்ட காலத்துக்கான முதலை வங்கியின் பேக்கிங் கிரெடிட் கடன் ஈடுசெய்கிறது.

ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள ஆர்டரை எடுத்துக்கொள்ளலாம். டாலர் 45 ரூபாயாக இருக்கையில் அதன் வரவு 45 லட்சம். 40 ரூபாயானால் 40 லட்சம். ஐந்து லட்சம் குறைகிறது. இது வரவில் பதினொரு விழுக்காடு. ஒரு சட்டைக்குச் சில ரூபாய் இலாபத்தில் இயங்கும் தொழிலில் ஆண்டு முழுவதற்குமான இலாபத்தை இத்தொகை விழுங்கிவிடும். 2006ஆம் ஆண்டின் நடுவில் 46 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், 2007 மே மாதத்தில் 41 ரூபாய்க்கும் கீழே இறங்கி, ஆண்டிறுதியில் 39.40 அளவில் நின்றது. 2006–07இல் சுமார் 11,000 கோடி ரூபாயாகக் கணக்கிடப்பட்ட திருப்பூரின் ஏற்றுமதி, அடுத்த ஆண்டில் 10,000 கோடிக்குச் சற்றுக் கீழே சென்றது. அப்போது கோவை மாவட்டத்தின் பகுதியாக இருந்த இந்நகரில், டாலர் விலை தேநீர்க் கடைப் பேச்சாக மாறியிருந்தது.

முன்பேரமும் 'செலவில்லாக் காப்பும்'

இத்தகைய இடருக்கு நெடுநாளாக வழக்கிலுள்ள தீர்வு முன்பேர ஒப்பந்தமாகும். மூன்று மாதம் கழித்து வரவிருக்கும் ஒரு லட்சம் டாலரை இன்ன விலைக்கு வங்கியிடம் விற்பதாக ஏற்றுமதியாளர் இன்றே ஒப்புக்கொள்கிறார். பின்னர் டாலர் இறங்கினால் அவருக்கு நிம்மதி. ஏறினால் ஆதாயத்தை இழந்த வருத்தம். எவ்வாறாயினும் வரவு உறுதிப்பட்டுவிடும். கையில் வரப்போகும் டாலரை மட்டுமே விற்பதால் இதில் புதிய இடர் எதுவும் பிறப்பதில்லை.

ஆனால் 2007இல் சிக்கல் வேறு வகையானது. டாலர் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. 40 ரூபாய்க்கு முன்பேரம் செய்வது நட்டத்தை உறுதிப்படுத்திக்கொள்வதாகவே முடியும். இழந்த ஐந்து ரூபாயை எங்கிருந்தாவது ஈட்டவேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தவர்களிடம் வங்கி அதிகாரிகள் 'செலவில்லா' ஒப்பந்தங்களைக் கொண்டுவந்தனர்.

விருப்புரிமை ஒப்பந்தம் காப்பீட்டை ஒத்தது. கட்டணம் செலுத்தி உரிமையை வாங்குபவர் தமக்கு இலாபமானால் அதைப் பயன்படுத்தலாம். இல்லையேல் கட்டணத்தோடு விட்டுவிடலாம். அவருடைய இழப்பு கட்டணத்தைத் தாண்டாது. உரிமையை விற்பவர் நிலை நேர் எதிரானது: கட்டணமே அவர் பெறக்கூடிய அதிகபட்ச ஆதாயம், இழப்புக்கோ எல்லை இல்லை. 'செலவில்லா' ஒப்பந்தத்தில் ஏற்றுமதியாளர் ஓர் உரிமையை வங்கியிடமிருந்து வாங்கி, அதற்கான கட்டணத்துக்கு ஈடாக வேறோர் உரிமையை, பெரும்பாலும் இரு மடங்கு அளவுக்கு, வங்கிக்கு விற்கிறார். பணம் கைமாறுவதில்லை, ஆகவே 'செலவில்லை' என்ற சொல் பொய்யன்று. ஆயினும் ஆயுள் காப்பீடு எடுக்கச் சென்றவர் அதே மேசையில் ஊராருக்கெல்லாம் காப்பீட்டு நிறுவனமாகக் கையெழுத்திட்டுத் திரும்பியதை அச்சொல் மறைத்துவிட்டது.

பங்குச் சந்தையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இயற்கை எரிவாயு எடுக்கும் நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கிய சிறு முதலீட்டாளர், எரிவாயு விலையின் ஏற்ற இறக்கத்தால் எவ்வளவு அலைக்கழிக்கப்பட்டாலும், போட்ட பணத்துக்கு மேல் இழப்பதில்லை. உரிமையை விற்றவருக்கு அந்தத் தளம் கிடையாது.

சுவிஸ் பிராங்க் வந்த வழி

ரூபாய்–டாலர் இடருக்குத் தீர்வு தேடியவர்கள் சுவிஸ் பிராங்க், ஜப்பானிய யென் ஆகியவற்றின் மீது ஒப்பந்தம் செய்தது ஏன் என்ற வினா எழும். திருப்பூரின் ஏற்றுமதி வரவில் பிராங்குக்கு இடமில்லை. எனினும் முந்தைய ஆண்டுகளின் ஏற்றுமதி அளவைச் சான்றாகக் காட்டி ஒப்பந்தம் செய்ய அன்றைய விதிகள் இடமளித்தன. 2007 நடுப்பகுதி வரையிலான ஈராண்டில் டாலர்–பிராங்க் விலை ஏறத்தாழ 1.18க்கும் 1.33க்கும் இடையிலேயே உலவியது. கடந்த கால வரைபடத்தைக் காட்டி, 'இந்த எல்லையைத் தொடவே தொடாது' என்று கூறுவது எளிதாயிற்று.

மாதிரி ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். டாலர் 1.20 பிராங்காக இருக்கும்போது ஓராண்டு ஒப்பந்தம் செய்யப்படுகிறது. ஆண்டு முழுவதும் 1.10ஐத் தொடாவிட்டால் ஏற்றுமதியாளர் 50,000 டாலர் பெறுவார். ஒருமுறை தொட்டுவிட்டாலும், முடிவு நாளில் 50 லட்சம் டாலரை 1.20 பிராங்க் வீதம் வாங்கியே ஆகவேண்டும். முடிவு நாளில் டாலர் ஒரு பிராங்காகச் சரிந்திருந்தால், அவர் தரவேண்டிய 60 லட்சம் பிராங்கைத் திரட்ட 60 லட்சம் டாலர் வேண்டும். பெறுவதோ 50 லட்சம் டாலர். இழப்பு 10 லட்சம் டாலர். 40 ரூபாய்க் கணக்கில் ஆதாயம் 20 லட்சம் ரூபாய். இழப்பு 4 கோடி ரூபாய்.

இது நிகழும் வாய்ப்பு எவ்வளவு? ஏற்ற இறக்கத்தின் அளவு ஆண்டுக்கு எட்டு விழுக்காடு என்று கொண்டால், ஓராண்டின் இறுதி நாளில் விலை 1.10க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. ஆனால் ஒப்பந்தம் கேட்பது இறுதி நாளை அல்ல. இடையில் ஒருமுறையேனும் தொட்டதா என்பதை. அந்த வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். அதாவது நான்கில் ஒன்றுக்கும் சற்று அதிகம். எல்லையைத் தொடுவதற்கும் எல்லைக்கு அப்பால் முடிவதற்கும் உள்ள இந்த வேறுபாடு நிகழ்தகவுக் கணிதத்தில் தொடக்கப் பாடம். வங்கியின் கருவூலப் பிரிவு இதை அறிந்தே விலை குறித்தது. மறுபுறம் அமர்ந்திருந்தவரிடம் நூல் விலையைப் பைசாவரை கணிக்கும் திறன் இருந்தது. இந்தக் கணக்கு இல்லை.

ஷரத் சாரி தம் 'ஃபிராடர்னல் கேப்பிடல்' நூலில் (2004) வேளாண் பின்னணியிலிருந்து தொழிலாளராக வந்து முதலாளியான திருப்பூர்க்காரர்கள் தங்கள் உயர்வைச் சொந்த உழைப்பின் பயனாகவே விளக்குவதை விரிவாக ஆராய்ந்துள்ளார். பழகிய மனிதரை நம்பிச் சரக்கும் பணமும் நகரும் தொழில்முறை அது. பேக்கிங் கிரெடிட் தந்து பல ஆண்டு பழகிய வங்கிக் கிளை நீட்டிய தாளையும் அதே நம்பிக்கையோடு பார்த்திருப்பர் என்பதில் வியப்பில்லை. தவிர, முதல் சில ஒப்பந்தங்கள் பலருக்கு ஆதாயமே தந்தன. காப்பீட்டு நிறுவனத்துக்கும் விபத்து நேராத ஆண்டுகளில் ஆதாயம் மட்டுமே வரும்.

இழப்பு ஒன்றன்மேல் ஒன்றாக வந்த முறை

சுவிஸ் பிராங்க் அச்ச காலத்தின் புகலிடமாகக் கருதப்படும் நாணயம். உலகச் சந்தைகள் கலங்கும்போது முதலீடு அதனை நாடுகிறது. அதன் விலை ஏறுகிறது. யெனுக்கும் இது பொருந்தும். எனவே பிராங்க் ஏறாது என்று உறுதி தருவது, உலக நெருக்கடி வராது என்று உறுதி தருவதற்குச் சமம். அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிய 2008 மார்ச்சில் டாலர் வரலாற்றில் முதன்முறையாக ஒரு பிராங்குக்கும் கீழே சென்றது. 2007 ஜூனில் 124 யென் வரை இருந்த டாலர் அதே மார்ச்சில் 96 யெனுக்கும் கீழே வந்தது. எல்லைகள் உடைந்தன.

இந்நிகழ்வில் போதிய கவனம் பெறாத கூறு இதுவே. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெருக்கடி வரும்போதுதான் திருப்பூரின் ஆர்டர்களும் குறைகின்றன. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தபின் ஆர்டர்கள் தள்ளிப்போயின, சில நின்றன. நல்ல காலத்தில் சிறு வரவையும் கெட்ட காலத்தில் பெருஞ்செலவையும் தரும் ஒப்பந்தம், தொழிலின் இடரைக் குறைக்கவில்லை. அதே திசையில் பெருக்கியது. காப்பு என்பதன் பொருளுக்கே இது எதிரானது.

மூன்றாவது அடி ரூபாயிடமிருந்து வந்தது. 2008 மே மாதத்தில் 43 ரூபாயைத் தொட்ட டாலர், ஆண்டின் இறுதி மாதங்களில் 50 வரை ஏறியது. ஏற்றுமதியாளர்கள் ஈராண்டாக வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் பிராங்க் இழப்பை டாலரில் தீர்க்கவேண்டியவர்களுக்கு மேற்கண்ட 4 கோடி 5 கோடியாயிற்று. ரூபாய்–டாலர் ஒப்பந்தங்களில் ஆர்டர் அளவைப்போல் இரு மடங்கு டாலரை 41, 42 ரூபாய்க்கு விற்க ஒப்பியிருந்தவர்கள், இல்லாத டாலரைச் சந்தையில் 50 ரூபாய்க்கு வாங்கித் தரவேண்டியவராயினர்.

இழப்புத் தொகையை வங்கி நடப்புக் கணக்கில் பற்றெழுதியதும் கணக்கு வரம்பு மீறியதாகும். வரம்பு மீறிய கணக்குக்குப் பேக்கிங் கிரெடிட் கிடைப்பது கடினம். கடனில்லாமல் நூல் இல்லை. நூலில்லாமல் எஞ்சிய ஆர்டரையும் முடிக்க இயலாது. பல நிறுவனங்கள் கூட்டாண்மையாகவோ தனியுரிமையாகவோ இருந்தமையால், பங்குதாரர்களின் வீடும் நிலமும் ஈட்டில் இருந்தன. செலாவணி மேசையில் தொடங்கியது குடும்பச் சொத்தில் வந்து முடிந்தது.

நீதிமன்றத்தின் முன் இருந்த வினா

தமிழகத்தில் இவ்வழக்குகளுக்கு வழிகாட்டியாக அமைந்தது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கு. 2007 ஜூனில் செய்யப்பட்ட டாலர்–பிராங்க் ஒப்பந்தம் பந்தயமே. ஆகவே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி செல்லாது என்பது நிறுவனத்தின் வாதங்களுள் முதன்மையானது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் 2008 அக்டோபர் 14 அன்று அளித்த தீர்ப்பில் இவ்வாதத்தை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட 45வி பிரிவு இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட ஏற்பை அளித்திருந்ததும் கருத்தில் கொள்ளப்பட்டது.

தீர்ப்பு சட்டத்தின் வழியில் பிழையற்றது எனலாம். ஆனால் ஒப்பந்தம் செல்லுமா என்ற வினாவும், அது இந்த வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்ற வினாவும் வேறானவை. இரண்டாவது வினாவை எழுப்பும் கடமையை 2007 ஏப்ரல் 20 நாளிட்ட வழிகாட்டு நெறிகளில் ரிசர்வ் வங்கி வங்கிகளிடமே ஒப்படைத்திருந்தது. வாடிக்கையாளரின் தொழில், அறிவு, இடர் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றை ஆராய்ந்தபின்பே விற்கவேண்டும் என்பது அந்நெறி. விற்றால் வருவாய் பெறுபவரே விற்கத்தகுமா என்றும் முடிவுசெய்யும் ஏற்பாட்டின் பலவீனம் திருப்பூரில் வெளிப்பட்டது. ஏற்றுமதியாளரையும் முற்றிலும் விடுவிக்க இயலாது: பிராங்கில் ஒரு சட்டைகூட விற்காத நிறுவனம் பிராங்க் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது, அது காப்புக்காக அன்று என்பதை அறியச் சிறப்புக் கல்வி தேவையில்லை.

ஒழுங்குமுறை மாற்றங்கள்

2010 டிசம்பரில் வெளியிட்ட திருத்திய நெறிகளில், கட்டணத்தைக் குறைக்கும் கூட்டு ஒப்பந்தங்களைப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கும் நிகரமதிப்பு உயர்ந்த பிற நிறுவனங்களுக்கும் மட்டுமே என ரிசர்வ் வங்கி வரையறுத்தது. திருப்பூரின் பெரும்பாலான நிறுவனங்கள் இவ்வரம்புக்கு வெளியே நின்றன. 2011 ஏப்ரல் 26 அன்று 19 வங்கிகளுக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் பொருத்தத்தை ஆராயாமை, இடர் மேலாண்மைக் கொள்கை இல்லாதோருக்கு விற்றமை, அடிப்படை வணிகத்தையும் முந்தைய ஏற்றுமதி அளவையும் சரிபாராமை ஆகியன காட்டப்பட்ட காரணங்கள். ஒவ்வொரு வங்கிக்கும் தண்டம் 5 லட்சம் முதல் 15 லட்சம் ரூபாய் வரை. மேற்கண்ட மாதிரி ஒப்பந்தத்தில் ஒரே ஏற்றுமதியாளரின் இழப்பு 4 கோடி என்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். அதே ஆண்டு ஜனவரியில் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகளும் மூடப்பட்டிருந்ததால், தண்டச் செய்தியை ஊர் அதிகம் பொருட்படுத்தவில்லை.

இதற்கிடையே 2008 ஆகஸ்ட் 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் ரூபாய்–டாலர் எதிர்கால வணிகம் தொடங்கியது. அங்கு ஒப்பந்தத்தின் அளவு 1,000 டாலர். விலை எல்லோரும் காணத் திரையில் ஓடுகிறது. இழப்பு இருந்தால் அன்றாடம் மாலையே கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது. 2007இல் கையெழுத்திட்டவர்கள் தங்கள் ஒப்பந்தத்தின் அன்றைய மதிப்பை அறிய, அதை விற்ற வங்கியையே கேட்கவேண்டியிருந்தது.