பழைய காரின் என்ஜினில் ‘டிக் டிக்’ ஓசை: டேப்பெட் கோளாறா, பெரும் பழுதா? கண்டறிவது எப்படி?

புது டெல்லி: காரை இயக்கியவுடன் என்ஜினின் மேற்பகுதியிலிருந்து தையல் இயந்திரம் ஓடுவது போன்ற ‘டிக் டிக்’ ஓசை எழுவது, பழைய வாகனங்களை வைத்திருப்போர் பலரும் எதிர்கொள்ளும் சிக்கலாகும். சில நிமிட வேலையில் தீரக்கூடிய இந்த ஓசையைப் பெரும் பழுதாகக் கருதி என்ஜினையே பிரித்துப் போடுவோர் உண்டு. உண்மையிலேயே பெரும் பழுதாக இருக்கும் ஓசையை டேப்பெட் சத்தம் என்று அலட்சியப்படுத்தி, நடுவழியில் நிற்போரும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது கடினமான செயல் அல்ல.

ஓசை எங்கிருந்து வருகிறது?

என்ஜினுக்குள் காற்றும் எரிபொருளும் நுழைவதற்கும், எரிந்த புகை வெளியேறுவதற்கும் வால்வுகள் திறந்து மூடுகின்றன. கேம் ஷாஃப்ட் சுழலும்போது அதன் புடைப்புகள் ராக்கர் ஆர்ம் எனப்படும் நெம்புகோலைத் தள்ள, அது வால்வைத் திறக்கிறது. ஸ்பிரிங் அதை மீண்டும் மூடுகிறது.

நெடுங்காலம் அம்பாசடர் காரில் இருந்த 1,489 சிசி பெட்ரோல் என்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே, பிளாக்கினுள் அமைந்திருக்கும். அங்கிருந்து புஷ் ராடு எனப்படும் நீண்ட கம்பிகள் மேலே உள்ள ராக்கர்களைத் தள்ளும். பிரீமியர் பத்மினியின் என்ஜினும் இதே வகையைச் சேர்ந்தது. 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800 காரின் 796 சிசி, 3 சிலிண்டர் என்ஜினில் கேம் ஷாஃப்ட் மேலேயே, ஹெட்டில் இருக்கிறது. ஆகவே அதில் புஷ் ராடு இல்லை.

இவை அனைத்திலும் ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி விடப்பட்டிருக்கும். என்ஜினுக்கு ஏற்ப அது பெரும்பாலும் 0.15 மி.மீ. முதல் 0.40 மி.மீ. வரை அமையும். வெப்பத்தால் வால்வு நீளும்போது அதற்கு இடம் வேண்டும் என்பதே காரணம். தேய்மானத்தால் இந்த இடைவெளி அதிகரித்தால், ராக்கர் ஒவ்வொரு முறையும் வால்வின் தலையில் தட்டுகிறது. அதுவே டேப்பெட் சத்தம்.

ஓசையின்மை நலத்தின் அடையாளமா?

சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்தான் ஆபத்தானது என்பது அனுபவமுள்ள மெக்கானிக்குகளின் கருத்து. இதற்குத் தெளிவான காரணம் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு தான் பெறும் வெப்பத்தின் பெரும்பகுதியை, மூடிய நிலையில் தனது இருக்கையுடன் ஒட்டியிருக்கும்போதே வெளியேற்றுகிறது. இடைவெளி குறைந்து போனால் வால்வு முழுமையாக மூடாது. வெப்பம் தணியாது, சூடான வாயு விளிம்பு வழியே கசிந்து அதை அரித்துவிடும். வால்வு ‘எரிந்துவிட்டது’ என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான்.

ஆகவே ஓசையை அடக்கும் நோக்கில் இடைவெளியை அளவுக்கு மீறி இறுக்குவது, சிறு தொல்லையைப் பெருஞ்செலவாக மாற்றும். சிஎன்ஜி அல்லது எல்பிஜிக்கு மாற்றப்பட்ட பழைய கார்களில் கூடுதல் கவனம் தேவை. வாயு எரிபொருளில் வால்வு இருக்கைகள் விரைவாகத் தேய்ந்து, வால்வு மேல்நோக்கி உள்வாங்குவதால் இடைவெளி ஓசையின்றிக் குறையும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய காலத்துக்கென வடிவமைக்கப்பட்ட, கடினப்படுத்தப்படாத இருக்கைகளைக் கொண்ட என்ஜின்களுக்கும் இந்த அபாயம் பொருந்தும்.

கண்டறியும் முறை

முதலில் ஆயிலைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தாலோ, ஆயில் பழையதாகிக் கசடு சேர்ந்திருந்தாலோ ராக்கர்களுக்குப் போதிய ஆயில் சென்று சேராது. ஆயில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், வேறு எதையும் ஆராயாமல் உடனே என்ஜினை நிறுத்துவதே முறை.

அடுத்து, ஓசையின் தாளத்தைக் கவனிக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது கேம் ஷாஃப்ட் ஒருமுறைதான் சுழலும். நிமிடத்துக்கு 800 சுற்றில் என்ஜின் ஓடுகிறது என்றால், ஒரு வால்வு 400 முறை மட்டுமே திறக்கும். எனவே வால்வுப் பகுதியின் ஓசை என்ஜின் வேகத்தில் பாதியாக, மெல்லிய உலோகத் தட்டலாகக் கேட்கும். கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தால் எழும் ஓசை கீழ்ப்பகுதியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மேலும் வலுக்கும்.

நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை டேப்பெட் கவரின் மீது வைத்து, கைப்பிடியைக் காதருகே கொண்டு சென்றால் ஓசையின் இடம் ஓரளவு புலப்படும். சுழலும் மின்விசிறி, பெல்ட் ஆகியவற்றிலிருந்து கையும் ஆடையும் விலகியிருக்க வேண்டும்.

ஐயம் தீராவிட்டால், மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டரின் தீப்பொறியையும் சில வினாடிகள் துண்டித்துப் பார்ப்பார். அப்போது ஓசை வெகுவாகக் குறைந்தால், பழுது பேரிங்கிலோ பிஸ்டன் பின்னிலோ இருக்க வாய்ப்பு அதிகம். மாற்றமே இல்லையெனில், சந்தேகம் வால்வுப் பகுதியை நோக்கித் திரும்பும். உயர் மின்னழுத்தம் பாயும் இடம் என்பதால் இச்சோதனையைப் பழக்கமில்லாதோர் செய்யலாகாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் இதை நீட்டிக்கவும் கூடாது.

டேப்பெட் போலவே ஒலித்து ஏமாற்றும் வேறு சில இடங்களும் உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் இதே ‘டிக்’ ஓசை வரும். என்ஜின் சூடானதும் அது பெரும்பாலும் தணியும். தளர்ந்த ஸ்பார்க் பிளக்கும், கார்புரேட்டர் காலத்து மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பும் இவ்வாறு ஒலிப்பதுண்டு.

சரிசெய்வது எவ்வாறு?

பழுது வால்வு இடைவெளியில்தான் என்று உறுதியானால், டேப்பெட் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய எஃகுத் தகடுகளால் ஒவ்வொரு வால்வையும் அளக்க வேண்டும். என்ஜின் குளிர்ந்த நிலையில் அளப்பதா, சூடான நிலையில் அளப்பதா என்பதையும், சரியான அளவையும் அந்தந்த வண்டியின் கையேடே தீர்மானிக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு வெவ்வேறு அளவுகள் இருக்கலாம்.

அளக்கப்படும் வால்வு முழுமையாக மூடியிருப்பது அவசியம். அம்பாசடரின் 8 வால்வு என்ஜினில் இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை 9-லிருந்து கழித்தால், அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வின் எண் கிடைக்கும். 8ஆவது திறந்திருந்தால் 1ஆவது. 6ஆவது திறந்திருந்தால் 3ஆவது. மாருதி 800 போன்ற 3 சிலிண்டர் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சிக்குக் கொண்டுவந்து அதன் வால்வுகளைச் சரிசெய்து, பின்னர் கிராங்க்கை 240 டிகிரி திருப்பி அடுத்ததற்குச் செல்வர்.

லாக் நட்டைத் தளர்த்தி, திருகைத் திருப்பி, தகடு இலேசான பிடிப்புடன் நழுவும் அளவில் நிறுத்த வேண்டும். திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கிய பிறகு, மீண்டும் ஒருமுறை அளப்பது கட்டாயம். இறுக்கும்போது அளவு மாறிவிடுவதே பலருக்கும் நேரும் தவறு. இறுதியில் கவரின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுவது ஆயில் கசிவைத் தவிர்க்கும்.

அளவு சரியாக இருந்தும் ஓசை நிற்கவில்லையா? ராக்கரின் முனையில் குழி விழுந்திருக்கலாம். தட்டையான தகடு அந்தக் குழியின் மேல் பாலம் போல் அமர்ந்துவிடுவதால், உண்மையான இடைவெளி அளவில் தெரியாது. ராக்கர் ஷாஃப்ட்டின் தேய்மானம், அதன் ஆயில் துளைகளில் அடைப்பு, கேம் புடைப்பின் தேய்மானம் ஆகியவற்றையும் அப்போது பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக் லிஃப்டர் உள்ள என்ஜின்களில் நிலைமை வேறு. ஆயில் அழுத்தத்தால் இடைவெளி தானாகவே நிரப்பப்படுவதால், வழக்கமான டேப்பெட் செட்டிங் அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை. நெடுநேரம் நின்ற வண்டியை இயக்கும்போது சில வினாடிகள் ஓசை வந்து மறைந்தால் கவலை வேண்டாம். தொடர்ந்து ஒலித்தால், சரியான தர ஆயிலை மாற்றிப் பார்த்த பின்னரே லிஃப்டரை மாற்றுவது குறித்து முடிவெடுக்கலாம். சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றுவது தீர்வாகாது. குளிர்ந்த என்ஜினில் அது மேற்பகுதியை அடையத் தாமதமாகும், தேய்மானமே மிகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

தனியார் கார்களின் பதிவு 15 ஆண்டுகள் வரை செல்லும். அதன் பின் தகுதிச் சோதனைக்குப் பின்னரே 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது. எரிந்த வால்வு கொண்ட என்ஜினில் எரியாத பெட்ரோல் புகையுடன் வெளியேறும் என்பதால், மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று பெறுவதிலும் தடை ஏற்படலாம்.

எனவே ‘என்ஜினை இறக்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டால், உரிமையாளர் மூன்று விவரங்களைக் கேட்டறிவது நலம்: ஒவ்வொரு வால்விலும் கிடைத்த இடைவெளி அளவு, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவு, ஆயில் அழுத்தம். கம்ப்ரெஷனும் ஆயில் அழுத்தமும் சீராக இருந்து, வால்வு இடைவெளி மட்டும் கூடியிருந்தால், என்ஜினை இறக்கும் முன் டேப்பெட் செட்டிங் செய்து பார்ப்பதே முறை. அளவுகளைக் காட்ட மறுக்கும் இடத்தில், மற்றொரு மெக்கானிக்கின் கருத்தைப் பெற்ற பிறகு முடிவெடுப்பதே சிறந்தது.