ஆம்புலன்ஸ் வரும் வரை யார் டாக்டர்?

வடாலா ரோடு நிலையத்தில் ஹார்பர் லைன் கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை குர்லா, செம்பூர் வழியே பன்வேலுக்கு. மற்றது கிங்ஸ் சர்க்கிள், மாகிம் வழியே அந்தேரிப் பக்கம். வண்டி மாறுகிற கூட்டம் காலையும் மாலையும் பாலத்தின் மேல் அலை மோதும். ஆண்டாப் ஹில் குவார்ட்டர்ஸ்காரர்கள், தாராவித் தொழிலாளிகள், கோட்டைக்குப் போகும் குமாஸ்தாக்கள் என்று நம்மவர்களும் அதில் ஏராளம்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தால் என்ன நடக்கிறது?

சுற்றிலும் ஒரு வட்டம் கூடும். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். ஒருவர் செல்போனில் படம் எடுப்பார். "டாக்டர் யாராவது இருக்கிறார்களா?" என்று ஒரு குரல் கேட்கும். விழுந்தவரின் நெஞ்சில் கை வைக்க மட்டும் யாரும் வர மாட்டார்கள்.

பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லாத ஊரா இது? சயான் ஆஸ்பத்திரியும் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியும் நாலைந்து கிலோமீட்டருக்குள்தான். உலகின் முதல் இதய மாற்று ஆபரேஷன் 1967 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. இரண்டரை மாதங்களுக்குள், 1968 பிப்ரவரியில், டாக்டர் பி.கே. சென் அதே ஆபரேஷனை இந்த கே.இ.எம்.மில் செய்து பார்த்தார். நோயாளி சில மணி நேரமே பிழைத்திருந்தார் என்றாலும், இந்தியாவில் அதுதான் முதல் முயற்சி. இதயத்தையே மாற்றத் துணிந்த ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் துடிப்பு நின்றுபோன ஆளை அங்கே கொண்டு சேர்க்கும் நேரம் அவரிடம் இல்லை.

நாலு நிமிடக் கணக்கு

துடிப்பு நின்றால் மூளைக்கு ரத்தம் போகாது. நாலைந்து நிமிடத்தில் மூளை சேதமடையத் தொடங்கும். யாரும் எதுவும் செய்யாமல் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைகிறது என்பது டாக்டர்களின் கணக்கு. சாயங்கால நெரிசலில் ஆம்புலன்ஸ் நாலு நிமிடத்தில் வடாலாவுக்கு வந்து சேருமா? அந்த ரோட்டை அறிந்தவர்களுக்கு விடை தெரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மாரடைப்பு வேறு, துடிப்பு நிற்பது வேறு. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. ஆளுக்கு நினைவு இருக்கும், பேசுவார். நெஞ்சின் நடுவில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, சட்டை நனையும் வியர்வை. இதைத்தான் நம்மவர்களில் பலர் "கேஸ்" என்று சொல்லி, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பெருங்காயத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் வயிற்று உப்புசத்துக்குச் சரி. இதயக் குழாய் அடைப்புக்கு அவற்றால் பயன் இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே தெரியாமல், மூச்சிறைப்பும் களைப்பும் மட்டும் வருவதுண்டு. இவர்கள் எல்லோருக்கும் மருந்து ஒன்றுதான்: தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

துடிப்பு நிற்பது மின்சாரம் போவது மாதிரி. ஆள் நினைவிழந்து விழுவார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இராது. மூச்சு இராது, அல்லது கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து விட்டு விட்டு ஏங்குவார். அந்த ஏக்கத்தை மூச்சு என்று நம்பிப் பலர் காத்திருந்துவிடுகிறார்கள். அது மூச்சு அல்ல. உடனே தொடங்க வேண்டும்.

இன்னொன்று. தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. நம்ப வேண்டாம். இருமுகிற நேரத்தில் 108-க்குப் போன் செய்யலாம்.

இன்ஜினீயர் கண்ட வைத்தியம்

ஒரு காலத்தில் துடிப்பு நின்றால் டாக்டர்கள் நெஞ்சைக் கிழித்துத் திறந்து, இதயத்தைக் கையால் பிசைவார்கள். அந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் டாக்டரே அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த கோவென்ஹோவன் ஒரு மின்சார இன்ஜினீயர். நாய்களை வைத்து மின் அதிர்ச்சிச் சோதனை செய்தபோது, கருவியை மார்பின் மேல் அழுத்தினாலே ரத்த அழுத்தம் ஏறுவதை அவருடன் இருந்த நிக்கர்பாக்கர் கவனித்தார். டாக்டர் ஜூட் மூன்றாமவர். 1960-ல் மூவரும் சேர்ந்து முடிவை வெளியிட்டார்கள். கத்தி வேண்டாம், மருந்து வேண்டாம், இரண்டு கைகள் போதும். சி.பி.ஆர். என்ற முறையின் அஸ்திவாரம் அதுதான்.

கற்றுக்கொடுக்க ஒரு பொம்மை தேவைப்பட்டது. நார்வே நாட்டில் பிளாஸ்டிக் பொம்மை செய்துவந்த லேர்டால் என்பவரை அணுகினார்கள். தண்ணீரில் மூழ்கிய தம் சொந்த மகனைக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு இருந்தது. உடனே ஒப்புக்கொண்டார். பொம்மைக்கு எந்த முகம் வைப்பது? பாரீஸ் செயின் நதியில் பிணமாகக் கிடைத்த, பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகம் என்று சொல்லப்பட்ட ஒரு சுண்ணாம்பு முகமூடி, அந்தக் காலத்து ஐரோப்பிய வீடுகளில் அழகுக்காக மாட்டப்பட்டிருந்தது. அந்த முகத்தையே வைத்தார். கதை எவ்வளவு நிஜமோ, யாரும் காப்பாற்றாத ஒரு பெண்ணின் முகத்தில்தான் உலகம் உயிர் காக்கப் பழகியது என்று பேச்சு. இன்றும் முதலுதவி வகுப்புகளில் தரையில் படுத்திருப்பது அந்த 'ஆன்' பொம்மையின் பரம்பரைதான்.

முறை இதுதான். ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். கயிற்றுக் கட்டிலும் மெத்தையும் கூடாது. மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து, மற்றக் கையை அதன் மேல் கோத்து, முழங்கை மடங்காமல் உடம்பின் பாரத்தால் அழுத்த வேண்டும். இரண்டு அங்குலம் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே எழும்ப விட வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு. வாய்விட்டு எண்ணினால் தாளம் தப்பாது. இரண்டு நிமிடத்தில் தோள் விட்டுப்போகும், அடுத்தவர் மாற வேண்டும். விலா எலும்பு நெரிகிற சத்தம் கேட்கலாம். அதற்காக நிறுத்தக் கூடாது. எலும்பு பிறகு கூடிவிடும்.

முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைத்து ஊதுவதா என்ற கூச்சம் வேண்டாம். கண்ணெதிரே விழுந்த பெரியவர்களுக்கு அழுத்தம் மட்டும் கொடுத்தாலே பெரும்பயன் உண்டு. இந்திய மயக்க மருந்து நிபுணர்கள் 2017-ல் பொதுமக்களுக்காக வகுத்த முறையும் அழுத்தம் மட்டும் கொண்டதே. குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மூச்சும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதை நேரில்தான் கற்க வேண்டும்.

2021 ஜூன் 12 அன்று டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் மைதானத்தில் துடிப்பு நின்று விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. அங்கேயே நெஞ்சை அழுத்தினார்கள், மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். அடுத்த வருடமே அவர் திரும்ப விளையாடினார். பணக்கார நாட்டுச் சமாசாரம் என்று தள்ள வேண்டாம். நம் மும்பை விமான நிலையத்திலேயே 2018-ல் சுருண்டு விழுந்த பயணி ஒருவரைப் பாதுகாப்புப் படை வீரர் இதே முறையில் மீட்டிருக்கிறார்.

புரையேறினால் தலையில் தட்டலாமா?

சாப்பாட்டில் புரையேறினால் "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்த வார்த்தையில் ஒரு சுகம் உண்டு. லேசான புரைக்கு அதனால் கெடுதல் இல்லை, இருமினால் தானே சரியாகிவிடும். இரும முடியாமல், பேச முடியாமல், கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகம் நீலம் பாரித்தால் அது வேறு. இட்லி விள்ளலோ வடா பாவோ மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது.

இதையும் மாரடைப்பு என்றே முன்பு நினைத்தார்கள். அமெரிக்க ஹோட்டல்களில் சாப்பிடும்போதே திடீரென்று இறந்தவர்களின் தொண்டையில் இறைச்சித் துண்டு இருந்ததை 1963-ல் ஒரு டாக்டர் எழுதிக் காட்டினார். 1974-ல் ஹைம்லிக் என்ற அறுவை மருத்துவர் அதற்கு வழி சொன்னார். அதே ஹைம்லிக் 2016-ல், தம் 96-வது வயதில், முதியோர் இல்லத்துச் சாப்பாட்டு மேஜையில் மூச்சடைத்த 87 வயதுப் பெண்மணியைத் தம் கையாலேயே காப்பாற்றினார்!

ஆளை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகில் ஐந்து முறை பலமாக அடிக்க வேண்டும். வெளியே வராவிட்டால் பின்னால் நின்று இடுப்பைச் சுற்றிக் கை கோத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து, உள்ளும் மேலுமாக ஐந்து முறை இழுக்க வேண்டும். மாற்றி மாற்றி. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் கூடாது, மார்பில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க முதுகில் ஐந்து தட்டு, பிறகு திருப்பி மார்பில் ஐந்து அழுத்து. கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். நினைவு தப்பிவிட்டால் கிடத்தி, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டியதுதான்.

போலீஸ் பயம்

"தொட்டால் கேஸ் வரும்" என்ற பயம் வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு அதிகம். சாலை விபத்தில் உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற விதிகளுக்கு சுப்ரீம் கோர்ட் 2016 மார்ச்சில் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு ஏறிவிட்டது. விபத்துக்கே அப்படி என்றால், நெஞ்சு வலியில் விழுந்தவரைத் தொட ஏன் பயப்பட வேண்டும்?

ரயில்வேயில் கார்டு (2022 முதல் பெயர் டிரெயின் மேனேஜர்), ஸ்டேஷன் மாஸ்டர் போன்றோருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் பொதுமக்களுக்கும் வகுப்பு நடத்துகின்றன. மத்திய சுகாதார அமைச்சகம் 2023 டிசம்பர் 6 அன்று நாடு முழுவதும் சி.பி.ஆர். பயிற்சி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. பொங்கல் விழாவுக்கு மேடை போடும் நம் சங்கங்கள், அதே மேடையில் ஒரு மணி நேரம் பொம்மை வைத்துப் பழக்கினால் என்ன?

போனில் பேசத் தயங்குகிறவர்களுக்கு: எண் 108. ரயிலில் என்றால் 139. "ஆத்மி பேஹோஷ் ஹை, சான்ஸ் நஹீ லே ரஹா" என்று சொன்னால் போதும். பிறகு இடம்: வடாலா ஈஸ்ட்டா வெஸ்ட்டா, எந்த சால், பக்கத்தில் எந்தக் கோயில் அல்லது கடை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கையை நெஞ்சில் வைக்கலாம். ஒரு பையனைச் சந்து முனைக்கு அனுப்ப வேண்டும், வண்டிக்கு வழி காட்ட. இன்னும் இரண்டு பேர் சந்தில் நிற்கும் ஸ்கூட்டர்களையும் தண்ணீர் டிரம்களையும் ஒதுக்கட்டும். ஸ்ட்ரெச்சர் நுழைய வேண்டுமே.