ஒருபாலார் விவாகம்: எந்நாட்டில் எழுத்து உண்டு?

கலியாணம் என்றால் யாழ்ப்பாணத்து வீடுகளிலே இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று தாலிகட்டு, மற்றது எழுத்து. தாலிகட்டுக்கு ஊர் கூடும்; மேளம் முழங்கும்; பந்தலிலே பந்தி நடக்கும். எழுத்துக்கோ பதிவுகாரரும், சாட்சிகள் இருவரும், ஒரு மேசையும் இருந்தாற் போதும். ஆயினும் பிற்காலத்திலே காணி பிரிக்கும்போதும், இறந்தவரின் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கும்போதும், "தாலியைக் காட்டுக" என்று எவரும் கேட்பதில்லை. எழுத்தைத்தான் கேட்கிறார்கள்.

இந்த எழுத்தை ஆணும் ஆணுமோ, பெண்ணும் பெண்ணுமோ வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இன்று உலகில் 35க்கும் மேற்பட்ட நாடுகள் "ஆம்" என்று விடையளித்திருக்கின்றன. ஏறத்தாழ 60 நாடுகளில் அத்தகைய உறவே குற்றமாகும். ஏனைய நாடுகள் இவ்விரண்டுக்கும் இடையிலே பலவாறாக நிற்கின்றன. குடும்பங்கள் படிக்கும் பக்கத்திலே இவ்விஷயம் எதற்கு என்று வாசகருட் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஆனால் கனடாவிலோ இங்கிலாந்திலோ உறவினர் இல்லாத தமிழ்க் குடும்பம் இன்று எமது நாட்டில் அரிது. கனடாவில் 2005 முதலாகவும், இங்கிலாந்தில் 2014 முதலாகவும் இத்தகைய விவாகம் சட்டத்துக்கு இசைந்தது. அங்கிருந்து ஒருநாள் ஓர் அழைப்பிதழ் வந்து சேர்ந்தால், அதிலே குறிக்கப்பட்ட காரியத்துக்குச் சட்டத்திலே என்ன பொருள் என்று வீட்டாருக்குத் தெரிந்திருப்பது நன்றல்லவா?

சட்டத்தின் பொருளை விளக்குவதற்கு ஓர் ஆகாய விமானத்தின் கதையைவிடச் சிறந்தது எமக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவிலே ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த சின்சினாட்டி நகரிலே ஜேம்ஸ் ஓபர்கெபெல், ஜோன் ஆர்தர் என்ற இருவர் 20 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்துவந்தனர். ஆர்தருக்குத் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் கண்டது. 2013ஆம் ஆண்டு நடுப்பகுதியில் அவர் படுக்கையை விட்டு எழ இயலாதவராகிவிட்டார். அவ்வாண்டு ஜூன் 26ஆந் திகதி, மாநிலமொன்றில் முறைப்படி நடந்த ஒருபாலார் விவாகத்தைச் சமஷ்டி அரசு புறக்கணிக்கலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எடித் வின்சர் என்னும் முதியவர் தொடுத்த வழக்கு அது. ரொறன்ரோவில் தாம் மணந்துகொண்ட துணைவி இறந்தபோது, சட்டத்தின் கண்ணில் அவர் அந்நியரே என்று கூறி மூன்றரை இலட்சம் டொலருக்கு மேல் மரணவரி வாங்கிய அரசை எதிர்த்து அவர் வழக்காடி வென்றார். செய்தியைக் கேட்ட சின்சினாட்டி நண்பர் இருவரும் தாமும் விவாகம் செய்வதென்று முடிவு செய்தனர்.

ஆனால் ஒகையோவில் அது இயலாது. விவாகம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மாத்திரமே என்று அம்மாநிலம் 2004இல் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்திருந்தது. மேரிலாந்து மாநிலத்தில் இயலும். நோயாளியை அவ்வளவு தூரம் வாகனத்திற் கொண்டுசெல்வது எங்ஙனம்? உறவினரும் நண்பரும் பணம் சேர்த்து, நோயாளரை ஏற்றும் சிறு விமானமொன்றை அமர்த்திக் கொடுத்தனர். ஜூலை 11ஆந் திகதி அது பால்டிமோர் விமான நிலையத்தில் இறங்கி நின்றது. மணமக்கள் கீழே இறங்கவில்லை. ஆர்தரின் அத்தை விவாகத்தை நடத்திவைத்தார். சில நிமிடங்களிற் சடங்கு முடிந்தது. விமானம் வந்த வழியே திரும்பிற்று.

சில நாட்களின் பின் சட்டத்தரணி ஒருவர் அவ்வீட்டுக்கு வந்தார். வெறுமையான மரண அத்தாட்சிப் பத்திரம் ஒன்றை எடுத்து அவர்கள் முன் வைத்தார். "இவர் இறந்ததும் இந்தப் பத்திரத்தில் விவாகமாகாதவர் என்று எழுதுவார்கள், உயிரோடிருக்கும் வாழ்க்கைத்துணையின் பெயர் எழுதவேண்டிய இடம் வெறுமையாக விடப்படும்" என்பதை அவர்களுக்கு விளக்கினார். ஒருவர் தம் மரணப் பத்திரத்தை உயிரோடிருக்கும்போதே பார்ப்பது எத்தகைய அனுபவம் என்பதை நாம் விவரிக்கவேண்டியதில்லை. அந்த வெற்றிடத்துக்காகவே வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆர்தர் ஒக்டோபர் மாதத்தில் இறந்தார். கீழ் நீதிமன்றம் முதலில் துணைவரின் பெயரை எழுதச் சொல்லிற்று. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றியது. வேறு மூன்று மாநிலத்தவரின் வழக்குகளும் உடன்சேர, 2015 ஜூன் 26ஆந் திகதி உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளுள் ஐவர் ஓபர்கெபெலின் பக்கம் நின்றனர். அன்றுதொட்டு அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஒருபாலார் விவாகம் செல்லுபடியாகும்.

மறுபக்கத்தில் நின்ற நால்வரின் வாதத்தையும் நாம் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. இத்தகைய பெரிய மாற்றத்தை முடிவு செய்யவேண்டியவர்கள் மக்களேயன்றி நீதிபதிகள் அல்லர் என்பது பிரதம நீதியரசர் ரொபேட்ஸ் முதலானோர் கொண்ட கருத்து. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர்தான் மக்களே முடிவு செய்த நாடொன்று முன்வந்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் செல்வாக்கு ஓங்கியிருந்த அயர்லாந்தில், 1993 வரை ஆண்களுக்கிடையேயான உறவு குற்றமாக இருந்த அதே அயர்லாந்தில், 2015 மே 22ஆந் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே நூற்றுக்கு 62 பேர் ஒருபாலார் விவாகத்தை ஏற்று வாக்களித்தனர். மக்கள் எப்போதும் ஒரே பக்கம் வாக்களிப்பார்கள் என்று எண்ணுதலும் தவறு. கலிபோர்னியாவில் 2008இல் நீதிமன்றம் கொடுத்ததை அவ்வாண்டிலேயே மக்கள் வாக்குப் பறித்தது. 2013இலேதான் அது மீண்டது.

இனி, இது தொடங்கிய இடத்துக்குச் செல்வோம். 1989 ஒக்டோபர் 1ஆந் திகதி டென்மார்க் தேசம் ஒருபாலாரின் கூட்டு வாழ்வைப் பதிவு செய்யும் சட்டத்தை உலகில் முதன்முதலாக நடைமுறைப்படுத்திற்று. கொப்பன்ஹேகன் நகர மண்டபத்தில் முதலிற் கைச்சாத்திட்ட அக்செல், ஐகில் என்ற இருவரும் அப்போதே முதியவர்கள். சுமார் 40 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். தம்மிருவர் பெயரையும் இணைத்து "அக்ஸ்கில்" என்று ஒரு குடும்பப் பெயரை அவர்கள் முன்னரே ஆக்கி வைத்திருந்தனர். சட்டம் வருவதற்கு முன்னரே பெயர் வந்துவிட்டது! எனினும் அப்பதிவு விவாகம் என்று அழைக்கப்படவில்லை. பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமையும் அதிற் சேரவில்லை.

விவாகம் என்ற சொல்லையே கொடுத்த முதல் நாடு, எமது பாட்டன்மார் ஒல்லாந்து என்று வழங்கிய நெதர்லாந்து. விவாகம் வெவ்வேறு பாலினத்தவரான அல்லது ஒரே பாலினத்தவரான இருவரிடையே நிகழலாம் என்ற பொருள்பட அதன் சிவில் சட்டக்கோவையில் ஒரு வாக்கியம் புகுத்தப்பட்டது. 2001 ஏப்ரில் 1ஆந் திகதி பிறந்த நள்ளிரவிலே அம்ஸ்ரர்டாம் நகரபிதா யொப் கோஹன் நான்கு சோடிகளுக்கு விவாகம் செய்துவைத்தார். நீதித்துறை இராஜாங்கச் செயலாளராக இருந்து அந்தச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நடத்திச் சென்றவரும் அவரே.

ஒல்லாந்து என்றதும் எமக்கு ஓர் உறவு நினைவுக்கு வருகின்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707இல் எழுத்திலே தொகுப்பித்தவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் கொண்டுவந்த உரோம ஒல்லாந்தச் சட்டம் ஒல்லாந்திலேயே 1809இல் வழக்கிழந்தது. ஆனால் அவர்கள் ஆண்ட இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் பொதுச் சட்டமாக இன்றும் வாழ்கின்றது. ஆதலின் தென்னாபிரிக்காவிலே நடந்தது எமது சட்ட மாணவர்களுக்குச் சிறப்பாகப் பயன்படும்.

நிறவெறி ஆட்சி ஒழிந்தபின் எழுந்த தென்னாபிரிக்க அரசியலமைப்பு, ஒருவரின் பாலீர்ப்புக் காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்று வெளிப்படையாகக் கூறியது. அவ்வாறு கூறிய முதல் நாடு அதுவே. ஆயினும் பொதுச் சட்டத்தில் விவாகம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கூடுவதே. 1961ஆம் ஆண்டு விவாகச் சட்டத்தின்படி பதிவுகாரர் மணமக்களிடம் கேட்கவேண்டிய வினாவிலும் "மனைவி" அல்லது "கணவன்" என்ற சொற்களே இருந்தன. பிரிட்டோரியாவிலே வாழ்ந்த பெண்கள் இருவர் இதனை எதிர்த்து வழக்காடினர். 2005 டிசம்பர் 1ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் அல்பி சாக்ஸ். நிறவெறியை எதிர்த்தமைக்காக 1988இல் வைக்கப்பட்ட வெடிகுண்டிலே வலக்கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர் அவர். பாராளுமன்றம் 12 மாதங்களுக்குள் குறையைத் திருத்தவேண்டும்; தவறினால் அந்த வினாவிலே "அல்லது வாழ்க்கைத்துணை" என்ற சொற்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும் என்பது தீர்ப்பு. எத்தனையோ பேருடைய வாழ்க்கை இரண்டு சொற்களிலே தொங்கிக்கொண்டிருந்தது!

பாராளுமன்றம் தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போது, 2006 நவம்பர் 30ஆந் திகதி, புதிய சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மதகுரு எவரும் இத்தகைய விவாகத்தை நடத்தும்படி கட்டாயப்படுத்தப்படவில்லை. அரசாங்கப் பதிவுகாரரும் மனச்சாட்சியைக் காட்டி விலகிக்கொள்ளலாம் என்று முதலில் இடமளிக்கப்பட்டது. 2020இலே அந்தச் சலுகை நீக்கப்பட்டது. மதகுருவின் மனச்சாட்சி வேறு, அரசாங்கச் சம்பளம் பெறும் பதிவுகாரரின் கடமை வேறு என்ற இந்த வேறுபாடு எமக்கு நியாயமாகவே தோன்றுகின்றது.

ஆசியாவின் கதை மெல்ல நடந்த கதை. தாய்வானிலே சி சியா-வெய் என்பவர் 1986இல் தம் ஆண் துணைவரை மணக்க அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. மனுவுக்கு மேல் மனுவாக முப்பதாண்டுகள் அவர் ஓயவில்லை. 2017 மே 24ஆந் திகதி அரசியலமைப்பு நீதிமன்றம் தனது 748ஆம் இலக்க விளக்கத்தில் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, இரண்டு ஆண்டு தவணையும் கொடுத்தது. இடையே 2018இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே பெரும்பான்மையோர், சிவில் சட்டத்தில் விவாகம் ஆண் பெண் இருவருக்கே உரியதாக இருக்கவேண்டும் என்றனர். நீதிமன்றம் ஒரு பக்கம், மக்கள் வாக்கு மறுபக்கம். அரசாங்கம் என் செய்யும்? சிவில் சட்டத்தைத் தொடாமல் வேறொரு சட்டத்தை இயற்றி, அதன் பெயரிலே "விவாகம்" என்ற சொல்லே வராதபடி, "748ஆம் இலக்க விளக்கத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம்" என்று பெயரிட்டது. பெயரில் இல்லாவிடினும் உள்ளே விவாகப் பதிவு உண்டு. இந்தச் சாமர்த்தியத்தை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை.

நேபாளத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின் பின் 2023 நவம்பரில் முதற் பதிவு நடந்தது. தாய்லாந்து 2025 ஜனவரி 23ஆந் திகதி முதலாக, "ஆண்", "பெண்" என்றிருந்த இடத்தில் "நபர்" என்றும், "கணவன்", "மனைவி" என்றிருந்த இடத்தில் "வாழ்க்கைத்துணை" என்றும் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

இந்தியாவிலே நிலைமை வேறு. 2018இல் உறவு குற்றமன்று என்று கூறிய அதே உச்ச நீதிமன்றம், 2023 ஒக்டோபர் 17ஆந் திகதி, விவாகம் செய்தல் அரசியலமைப்புத் தந்த அடிப்படை உரிமையன்று என்றும், சட்டத்தை மாற்றுதல் பாராளுமன்றத்தின் வேலை என்றும் கூறிவிட்டது. இதற்கிடையே தமிழ்நாட்டிலே குறிப்பிடத்தக்க ஒரு தீர்ப்பு உண்டு. தூத்துக்குடிக் கோயிலொன்றிலே ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் செய்த விவாகத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். 2019 ஏப்ரிலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து விவாகச் சட்டத்திலுள்ள "மணமகள்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்த்து, பதிவு செய்யுமாறு பணித்தது. திருநங்கையைப் பெண்ணாகவே ஏற்றமையால் இதனை ஒருபாலார் விவாகம் என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் இங்கும் வழக்கு ஒரு சொல்லிலேயே நின்றது.

எமது நாட்டிலோ இன்னும் விவாகத்தைப் பற்றிய வழக்கே எழும் நிலை வரவில்லை. 1883இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ ஆகிய பிரிவுகளின் கீழ் அத்தகைய உறவு குற்றமாகும். முன்னர் ஆண்களை மாத்திரம் குறித்திருந்த 365அ பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினாற் பெண்களையும் உள்ளடக்கியது. சட்டத்தை எமக்குத் தந்த இங்கிலாந்து தன் நாட்டில் 1967இலேயே அதனைத் தளர்த்திவிட்டது. குற்றம் என்பதை நீக்கக் கோரும் தனிநபர் மசோதாவொன்று அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று எமது உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் அறிவித்தது. மசோதா நிறைவேறுவதற்கு முன் 2024 செப்டெம்பரிலே பாராளுமன்றம் கலைக்கப்பட்டது.

ஆகவே, ரொறன்ரோவில் எழுத்து வைத்த இருவர் பெற்றோரைப் பார்க்க இங்கு வருவதற்காக விமானமேறினால், அங்கே புறப்படும்போது அவர்கள் வாழ்க்கைத்துணைவர்கள். கட்டுநாயக்காவிலே இறங்கும்போது, இந்நாட்டுச் சட்டத்தில் அவ்விருவரையும் அவ்வாறு எழுதுவதற்கு இடமில்லை. ஒருவர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டால், நெருங்கிய உறவினர் யார் என்று கேட்கும் தாதியிடம் மற்றவர் என்ன சொல்வது என்பதை அவர்கள் புறப்படுமுன்னரே பேசி வைத்துக்கொள்ளவேண்டும்.